பூட்டாமல் கட்டுங்கள்: எங்கள் பேட்டை நூலகத்தைப் புதுப்பிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

போன திங்கட்கிழமை நூலக வாசலில் ஒரு பேனர் கட்டினீர்கள். மூன்று மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, முன்னால் புல்தரை. படத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஒரு ஆளைக்கூடக் காணோம். சரி, கம்ப்யூட்டரில் போடுகிற படம் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்குக் கீழே கன்னடத்தில் ஒரு வரி இருந்தது. எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேசத்தான். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். அந்த வரியை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் வந்தது: வேலை முடியும்வரை, 18 மாதம், நூலகம் மூடப்படும்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

என் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு பெங்களூர் வந்தவர். நான் பிறந்தது அல்சூரில். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கையாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி 45 வருஷம் இந்த ஊரில் செங்கல் அடுக்கியிருக்கிறேன். எட்டாவதுக்கு மேல் நான் படித்ததெல்லாம் இந்த நூலகத்தில்தான். மழையில் சைட் நின்றுபோன நாள், கூலிக்கு இழுத்தடித்த நாள், கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரத்து இரண்டாவது நாற்காலி. அதனால் வாசகனாகவும் மேஸ்திரியாகவும் சேர்த்தே பேசுகிறேன், எது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாது.

விரிவாக்கமே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. கூரை ஏழு இடத்தில் ஒழுகுகிறது. ஒழுக்குக்குக் கீழே நூலகர் வைத்திருக்கிற பக்கெட்டுகளில் ஒன்று என் வீட்டுப் பக்கெட். மின்சார வயர் துணி சுற்றிய பழைய காலத்து வயர். ஒரு நாள் அது பற்றிக்கொண்டால் இந்த மடலுக்கும் அந்தப் பேனருக்கும் வேலை இருக்காது. உட்கார இடமும் இல்லை. கே.பி.எஸ்.சி. எனும் கர்நாடக அரசுப் பணித் தேர்வு, ரயில்வே, வங்கித் தேர்வு என்று படிக்கிற பிள்ளைகள் கதவு திறப்பதற்கு முன்பே வந்து படியில் வரிசை கட்டுகிறார்கள். முதலில் எனக்கு அவர்கள்மேல் எரிச்சல்தான். நூலகப் புத்தகம் ஒன்றைத் தொடமாட்டார்கள், சொந்தப் புத்தகத்தையும் சொந்த சார்ஜரையும் கொண்டுவந்து நாள் முழுக்க ஒரே மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பையனிடம் கேட்டேவிட்டேன், வீட்டில் படிக்கலாமே தம்பி என்று. "பத்துக்குப் பன்னிரண்டு ரூம் அங்கிள், அஞ்சு பேர் இருக்கோம், டிவி வேற" என்றான். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால் கட்டுங்கள், நன்றாகக் கட்டுங்கள். பூட்டாமல் கட்டுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

1991 டிசம்பர் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்தவுடன் ஊர் பற்றி எரிந்தது. எங்கள் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக ஓசூர்ப் பக்கம் போன குடும்பங்கள் உண்டு. மனைவியையும் கைக்குழந்தையையும் குடியாத்தத்துக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் இருந்தேன். அப்போதிருந்த நூலகர் மண்டியாக்காரர். காவிரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகிற ஊர், அவருக்குக் கோபம் வர ஆயிரம் காரணம் இருந்தது. நாலு நாள் பூட்டியிருந்தார். ஐந்தாம் நாள் காலை நான் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தபோது கதவு திறந்திருந்தது. "பன்னி மேஸ்திரி, கூத்கொள்ளி" என்றார் கன்னடத்தில், வாங்க மேஸ்திரி, உட்காருங்க என்று. மேஜைமேல் கன்னடப் பத்திரிகைகள் மட்டும் கிடந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே தன் மேஜை டிராயரைத் திறந்து, அன்றைய தமிழ்ப் பேப்பரை மடிப்புக் கலையாமல் எடுத்து, ஒரு கன்னடப் பேப்பருக்குள் வைத்து என்னிடம் நீட்டினார்.

ஊர் எரிந்தபோதே நாலு நாளுக்கு மேல் பூட்டாத கதவு அது.

2020-ல் பூட்டியதைக் கணக்கில் சேர்க்க முடியாது, உலகமே பூட்டிக் கிடந்தது. ஆனால் திரும்பத் திறந்தபோது நடந்தது உங்களுக்குப் பாடமாக இருக்கும். தினமும் வந்துகொண்டிருந்த பெரியவர்களில் பலர் வரவில்லை. சிலர் இல்லாமலே போய்விட்டார்கள். மற்றவர்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. எழுபது வயசுக்கு மேல் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ஒரு இடத்துக்கு நடந்து போகிற பழக்கம் ஒருமுறை விட்டால் விட்டதுதான். 18 மாதம் கழித்து நீங்கள் ரிப்பன் வெட்டும்போது அந்த நாற்காலிகளுக்கு ஆளிருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதே ஊரில் வேறொரு பேட்டை, பெயர் வேண்டாம். ஆறு மாத வேலை என்று நூலகத்தைப் பூட்டினார்கள். ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகவில்லை. அவர் சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். புத்தகங்களைக் கோணிப்பையில் கட்டி ஒரு குடோனில் போட்டிருந்தார்கள். நாலு வருஷம் கழித்து அந்தக் குடோனுக்குத் தளம் போடும் வேலைக்கு நான் போனேன். மூட்டைகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஓரமாக நகர்த்தலாம் என்று ஒன்றைத் தூக்கினேன், பொலபொலவென்று மண்ணாகக் கொட்டியது. கரையான் தாளை எல்லாம் தின்றுவிட்டு அட்டையை மட்டும் விட்டிருந்தது. ஒரு அட்டையில் நன்கொடையாளர் பெயர் அழகான கையெழுத்தில் இருந்தது. அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

பூட்டாமல் எப்படி வேலை செய்வது என்று உங்கள் பொறியாளர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியை மூடிவிட்டா ஆஸ்பத்திரிக்கு மாடி எடுக்கிறார்கள்? ஒரு பக்கம் நோயாளி படுத்திருக்க, மறுபக்கம் நாங்கள் கான்கிரீட் போட்டிருக்கிறோம். நூலகத்தில் அதைவிட எளிது, ஏனென்றால் உங்களுக்குப் பின்பக்கம் காலி இடம் இருக்கிறது. பழைய காவலாளி வீடு இடிந்து கிடக்கிற அந்த இடம். அதற்குப் பின்னால் கன்சர்வன்சி சந்து ஓடுகிறது. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வந்து போவதற்கென்று கண்டோன்மென்ட், அதாவது பட்டாளத்துக்காக உண்டான இந்தப் பகுதி, வீடுகளுக்குப் பின்னால் விட்ட சந்து. இன்று அதில் பாதியை ஸ்கூட்டரும் குப்பையும் அடைத்திருக்கின்றன. சுத்தம் செய்தால் டிராக்டர் தாராளமாக வரும். மணலும் ஜல்லியும் அந்த வழியாக இறங்கட்டும். முன்வாசலை யாரும் தொடவேண்டாம்.

முதலில் பின்கட்டை எழுப்புங்கள். அதுவரை முன்கூடம் எப்போதும்போல நடக்கட்டும். நடுவில் தார்ப்பாய் கட்டி, அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். கல் அறுக்கிற வேலையை நூலகம் மூடிய பிறகோ விடுமுறை நாளிலோ வைத்துக்கொள்ளலாம். பின்கட்டு முடிந்ததும் புத்தகங்களை அங்கே மாற்றிவிட்டு, அதைத் திறந்துவிட்டு, முன்கூடத்தைப் பழுதுபாருங்கள். உங்கள் திட்டத்தில் புத்தகம் இரண்டு தடவை நகர்கிறது, இங்கிருந்து வாடகைக் குடோனுக்கு, அப்புறம் குடோனிலிருந்து இங்கே. நான் சொல்கிற வழியில் ஒரே தடவை, அதுவும் நாற்பது அடி தூரம். மொத்த வேலைக்கு ஆறு மாதம் கூடுதலாகலாம். செலவும் ஏறும், மறைக்கவில்லை. ஆனால் குடோன் வாடகையும் லாரிக் கூலியும் மிச்சம், தொலைகிற புத்தகத்துக்கு விலை போட்டால் இன்னும் மிச்சம்.

பின்மூலையில் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தை வரைபடத்தில் காணவில்லை. 1976-ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதைத் தொட முடியாது, அனுமதிக்கு அலைந்தால் மாதக் கணக்கில் போகும். கட்டடத்தைப் பத்தடி தள்ளிப் போட்டால் பிரச்சினை முடிந்தது. நிழலும் மிச்சம்.

இப்போது முன்கூடத்துக்கு வருகிறேன். இது எப்போது கட்டியது என்று பேட்டையில் ஒரு சண்டை உண்டு. கூரை ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று அச்சு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நூலகம் 1865-ல் கட்டியது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பேனரிலும் அந்த வருஷத்தைத்தான் போட்டிருக்கிறீர்கள். அது ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருஷம் ஐயா. அந்த முத்திரையைப் பல பத்தாண்டுகள் அப்படியே குத்திக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப் போரை ஒட்டி நிர்வாகம் கைமாறி, அப்புறம் வந்த ஓடுகளில் காமன்வெல்த் டிரஸ்ட் என்று இருக்கும். நம் கூரையில் இரண்டு வகையும் இருக்கின்றன, நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கூடத்துக்கு நூறு வயசுக்கு மேல் சொல்லலாம். இந்தக் கண்டோன்மென்ட் பக்கம் தனி ஊராக இருந்த காலம் அது. 1949-ல்தான் நகர முனிசிபாலிட்டியும் கண்டோன்மென்ட் முனிசிபாலிட்டியும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, பட்டாளத்தை அண்டிப் பிழைக்க வந்த தமிழர்களுக்கும் உருது பேசுகிறவர்களுக்கும், இதுதான் ஊர். இது சின்ன ஊர் வாசகசாலை, பெரிய நகரத்தின் கிளை நூலகமாக ஆனதெல்லாம் பிற்பாடு.

அந்தக் கூடத்தின் தலைமேல்தான் உங்கள் படத்தில் இரண்டு மாடி உட்கார்ந்திருக்கிறது. இங்கேதான் மேஸ்திரி பேசியாக வேண்டும். அது சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். உள்ளே கம்பி கிடையாது, தூண் கிடையாது. ஓட்டுக் கூரையைத் தாங்கக் கட்டியது. அதன்மேல் புத்தக அடுக்கு வைக்கிற தளம் போட முடியாது. ஐ.எஸ். 875 என்ற விதிப்புத்தகம் உங்கள் பொறியாளர் மேஜையில் இருக்கும். வீட்டு அறைக்குத் தளம் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் கணக்கிட வேண்டும். நூலகத்தில் புத்தக அடுக்குகள் வைக்கும் இடத்துக்கு 2.2 மீட்டர் உயரம்வரை சுமார் 600 கிலோ, அதற்கு மேல் உயரம் கூடக்கூட இன்னும் ஏறும். மூன்று மடங்கு. தாள் கனம் என்பது வீடு மாற்றிய எல்லாருக்கும் தெரியும். புத்தக அட்டைப்பெட்டியைத் தூக்கும்போதுதான் இடுப்பு பிடிக்கும்.

அதனால் புத்தக அடுக்குகள் பின்கட்டின் தரைத்தளத்தில் வரட்டும். அதற்கு மேல் மாடியில் பிள்ளைகள் படிக்கிற கூடம், ஆளுக்கொரு பிளக் பாயின்ட், ராத்திரி பத்து மணிவரை தனிப் படிக்கட்டு. இருபது வயசுக்கு மாடி ஒரு பொருட்டில்லை. பேப்பர் படிக்கிற கூடம் மட்டும் தெருவைப் பார்த்து, தரையோடு, இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். லிப்ட் வைக்கிறோம் என்று சொல்வீர்கள். அரசுக் கட்டடத்து லிப்ட் எத்தனை நாள் ஓடும் என்று நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம்.

முன்வாசலுக்கு ஐந்து படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், ஆக இரண்டரை அடி ஏறவேண்டும். சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் முப்பது அடி நீளம் வேண்டும். படத்தில் இருப்பது ஏழெட்டு அடிதான். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது மனிதர் தனியாக நாற்காலி தனியாகப் போய்ச் சேரலாம். வேப்பமரத்தைச் சுற்றி வளைத்து எடுத்தால் முப்பது அடி கிடைக்கும், நான் நூல் பிடித்து அளந்துவிட்டேன்.

சுவர் விஷயம் ஒன்று. கிழக்குச் சுவரில் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ மூன்றடி உயரத்துக்கு சிமென்ட் பூசினார்கள், ஈரம் தெரியக்கூடாது என்று. அதுவரை மூன்றடியில் இருந்த ஈரம் இப்போது ஐந்தடியில் நிற்கிறது. காரணம் எளிது. தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும், காற்றில் காய்ந்துபோகும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது, கூடவே உப்பையும் ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கல்லை மாவாக்குகிறது. அந்தச் சுவரோரத்து அடித்தட்டில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். முழுச் சுவருக்கும் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டுவதாக உங்கள் மதிப்பீட்டில் இருக்கிறதென்று கேள்விப்பட்டேன். வேண்டாம். சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பே பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் காரை அரைக்கத் தெரிந்தவர்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். நேரம் பிடிக்கும் வேலை, ஒரு பூச்சு காய்ந்துதான் அடுத்த பூச்சு. ஒப்பந்தக்காரருக்குப் பிடிக்காது. தரையில் இருக்கிற சிவப்பு ஆக்சைடையும் விட்டுவையுங்கள், அந்தப் பளபளப்பு மூன்று தலைமுறை செருப்பில்லாத காலால் வந்தது.

கூரை வேலையை ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடித்துவிடவேண்டும். செப்டம்பர், அக்டோபரில் இந்த ஊர் மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டைக் கழற்றிவிட்டு டெண்டர் பேப்பரில் கையெழுத்துக்குக் காத்திருந்தால் கதை முடிந்தது.

ஏசி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் இது. எதிரெதிர் ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். பகலில் ஏசி போட்டு ராத்திரி நிறுத்தினால் புத்தகத்துக்கு அது இன்னும் கெடுதல், குளிரும் வெக்கையும் மாறிமாறி வந்து ஈரம் தாளில் இறங்கும், பூஞ்சை பிடிக்கும். அந்தப் பணத்தில் பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை கட்டுங்கள். பெண்கள் வருவதில்லை, பெண்களுக்கு வாசிப்பு ஆர்வம் இல்லை என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். என் மருமகளைக் கேட்டால் காரணம் சொல்வாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார வழியில்லை.

மாநில மத்திய நூலகம் இருக்கிற கப்பன் பார்க் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் 1915-ல் எழுந்தது, இன்னும் சிவப்பாக நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற அட்டாரா கச்சேரி 1868-ல் முடிந்தது, கட்டி முடித்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார், அல்சூரில் பள்ளிக்கூடம் வைத்த அதே மனிதர். 1982-ல் அதையும் இடிக்கப் பேச்சு எழுந்தது. அதை எதிர்த்த வழக்கு அதற்குள்ளேயே நடக்கிற உயர்நீதிமன்றத்துக்கே போனது, கட்டடம் தப்பியது. நம் கூடத்துக்கு அப்படி வக்கீல் வைக்க ஆளில்லை. அதனால்தான் நான் கடிதம் எழுதுகிறேன்.

எப்படியும் புத்தகம் மாற்றுகிற இரண்டு வாரம் கதவைச் சாத்தத்தான் வேண்டியிருக்கும் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. சீர்காழியில் 1892-ல் பிறந்து, மதராஸ் பல்கலைக்கழக நூலகராகி, நூலகத் துறைக்கே இலக்கணம் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது நம் பெங்களூரில்தான். 1962-ல் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை இங்கே தொடங்கினார், 1972-ல் இங்கேயே காலமானார். நூலகம் வளரும் உயிர் என்பது அவருடைய ஐந்தாவது விதி, உங்கள் பேனரிலேயே அதைப் போட்டிருக்கிறீர்கள், நல்லது. அவர் காலத்தில், 1931-ல், மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார், ரங்கநாதன் போய்த் தொடங்கிவைத்தார். நமக்கு மாடு கூட வேண்டாம். காய்கறித் தள்ளுவண்டி ஒன்று போதும். அன்றன்றைய பேப்பர்களும் வார இதழ்களும் அதில் ஏற்றி, எதிர்த்த கோயில் மண்டபத்து நிழலில் காலை எட்டிலிருந்து பதினொன்றுவரை நிறுத்துங்கள். தள்ளுவண்டிக்கு வாடகை என் பொறுப்பு.

புத்தகம் மாற்றும் முறைக்கும் ஒரு வார்த்தை. அளவு பார்த்துப் பெட்டியில் அடுக்காதீர்கள், அடுக்குப் பார்த்து அடுக்குங்கள். பெட்டிமேல் அலமாரி எண், தட்டு எண். அதற்கு முன்னால் நூலகத்துக்கு வந்த புத்தகங்களை வரிசையாகப் பதிந்த அக்சஷன் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இந்தச் சமயத்தில்தான் 'கழித்த நூல்கள்' என்று ஒரு பட்டியல் பிறக்கும். கிழிந்தது, பழையது, யாரும் எடுக்காதது என்று. கழிக்கவேண்டியது இருக்கும்தான், பழைய வருமானவரி கைடு நமக்கு எதற்கு? ஆனால் தமிழும் உருதும் படிக்கத் தெரியாத ஒருவர் தமிழ், உருதுப் புத்தகங்களைக் கழிக்க உட்காரக்கூடாது. பட்டியலைக் கூடத்தில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள், அந்தந்த மொழி வாசகர் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதற்கு முன் பழைய பேப்பர்காரர் வண்டி வாசலுக்கு வரவேண்டாம்.

புதுப் படத்தில் தமிழ்ப் பகுதி என்று எதுவும் இல்லை. 'பிற மொழிகள்' என்று ஒரு அலமாரி இருக்கிறது. கன்னடம் முதலில், பெரிதாக இருக்கட்டும், இது அவர்கள் ஊர், எங்களுக்கும் சோறு போட்ட ஊர். அதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை. ஆனால் என் பேத்தியைப் பாருங்கள். பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் இந்தியும் படிக்கிறாள். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. தமிழ் மீடியப் பள்ளிகள் இந்தப் பக்கம் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. அவள் தமிழ் எழுத்தைக் கற்றது இந்த நூலகத்துச் சிறுவர் அலமாரியில்தான், ஞாயிற்றுக்கிழமைகளில், நான் விரல் வைத்துக் காட்டக் காட்ட. கன்னட எழுத்தை எனக்கு அவள் சொல்லித்தருகிறாள், தமிழ் எழுத்தை அவளுக்கு நான். இந்த ஏற்பாடு 18 மாதம் நின்றால் அவளுக்குப் பன்னிரண்டு வயசு ஆகிவிடும், அப்புறம் தாத்தாவோடு உட்கார வருவாளா?

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். கர்நாடகத்தில் 1965 நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலகச் செஸ் கட்டுகிறோம், நூறு ரூபாய் வரிக்கு ஆறு ரூபாய். தமிழ்நாட்டில் பத்து. என் ஒண்டுக்குடித்தன வீட்டுக்குக்கூட ரசீதில் அந்த வரி வருகிறது. வசூலான செஸ் நூலகத்துக்கு முழுசாக வந்து சேர்கிறதா, நிலுவை எவ்வளவு என்பதை நீங்கள்தான் மேலே கேட்கவேண்டும், நாங்கள் கேட்டால் ரசீது எண்ணைக் கேட்கிறார்கள். கொல்கத்தாவில் 1972-லிருந்து இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநிலம் ஒரு பங்கு போட்டால் தானும் பங்கு போடும் திட்டங்களைக் கட்டடத்துக்கும் வைத்திருக்கிறது. விண்ணப்பித்தீர்களா என்று தெரிந்தால் நல்லது. வரவு, செலவு, ஒப்பந்தக்காரர் பெயர், முடிக்கவேண்டிய தேதி எல்லாம் எழுதிய பலகை ஒன்று வாசலில் வேண்டும். கன்னடத்தில் இருந்தால் போதும், நான் எழுத்துக் கூட்டிக்கொள்கிறேன்.

பேட்டையில் முப்பத்தைந்து வருஷம் கொத்து வேலை பார்த்தவர்கள் என்னோடு இன்னும் நாலு பேர் இருக்கிறோம். கூலி வேண்டாம். பின்கட்டு அஸ்திவாரம் தோண்டும்போது கரையான் மருந்து சரியாக ஊற்றுகிறார்களா, சுண்ணாம்பைப் போதிய நாள் ஊறவைக்கிறார்களா என்று தினம் ஒருவர் நின்று பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்கு வேறு வேலை கிடையாது, பேப்பர் படித்து முடித்த பிறகு.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் ஏணியோடு நூலக வாசலில் இருப்பேன். உங்கள் பொறியாளரை அனுப்புங்கள். கூரையில் எந்த மரச்சட்டம் உளுத்திருக்கிறது, எது இன்னும் நூறு வருஷம் தாங்கும் என்று தட்டிக் காட்டுகிறேன். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறச் சொல்லுங்கள். பழைய ஓடு, மிதி தெரியாமல் மிதித்தால் உடையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவன்,
அல்சூர், பெங்களூரு.